இரண்டு பிள்ளையில் பாதி

அன்புள்ள மொட்டைக்கு,

உன் அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை, ஆகவே நீ நலம் என்று நானே எழுதிக்கொண்டு மேலே போகிறேன். இங்கே அம்மா நலம். நான் எரிச்சலில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். வேறு என்னதான் செய்வது? போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் படித்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் மட்டும் இல்லை. போன தடவை தவறிப்போய் எடுத்துவிட்டு, 'மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்' என்றாய். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எந்த ஆபீஸ் மீட்டிங்கிலடா பாத்திரம் கழுவுகிறார்கள்?

நீ ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எடுத்தால் 'டெஸ்ட் எடுத்தியா' என்று கேட்பேன். ஆமாம், கேட்பேன். அப்பாவும் பெரியப்பாவும் ஐம்பதைப் பார்க்காமல் ஒரே மாதிரி குடல் புற்றுநோயில் போனார்கள். அது இந்தக் குடும்பத்தில் மரபணு வழியாக வருகிற கோளாறு என்று அப்பாவின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், எனக்கு இல்லை. நீ கொடுக்கவில்லை. உனக்குத் தெரிந்த கதையை உனக்கே எதற்கு எழுதுகிறேன் என்றால், மூன்று வருஷமாக விண்ணப்பத்தில் இதை எழுதி எழுதிக் கை தானாகவே எழுதுகிறது.

அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். மரபணு ஆலோசகர் படிப்புக்கு இது என் மூன்றாவது படையெடுப்பு. அது என்ன வேலை என்று இங்கே ஒருவருக்கும் புரியவில்லை. மாமா அதைப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு, 'முதல்ல உங்க அத்தைக்கு ரெண்டு வார்த்தை சொல்லு' என்கிறார். அதெல்லாம் இல்லை, பரம்பரையாக நோய் வருகிற குடும்பத்தோடு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன வந்தது என்று கேட்டுக் குடும்ப மரம் வரைந்து, டெஸ்ட் எடுத்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று விளக்கினேன். பெயரில்தான் ஆலோசனை, ஆலோசனை சொன்னால் பெயில். மாமா முழுக்கக் கேட்டுவிட்டு, 'அப்ப உனக்கு இது சரிப்படாதும்மா' என்றார். மனுஷர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாக ஒன்றைச் சொன்னார்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் தலைமை டாக்டரிடம் போய் நின்றேன். 'நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்' என்றார். என்னைப் பற்றி நானே, உழைப்பாளி, நேர்மையானவர், பொறுமைசாலி என்று வெட்கமில்லாமல் எழுதிக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பொறுமைசாலியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அது போதாது என்று, மனம் நொந்தவர்கள் பேசுகிற ஹெல்ப்லைனில் வேலை செய்த அனுபவமும் வேண்டுமாம். வாரம் முழுக்க ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே 'அழாதீங்க' என்று சொல்லக்கூடாது. 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லக்கூடாது. 'நான் உங்க இடத்துல இருந்தா' என்று ஆரம்பிக்கவே கூடாது. அப்புறம் என்னதான் சொல்வது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். 'சும்மா இருங்க' என்றார். நம் வீட்டில் யாராவது சும்மா இருந்து நீ பார்த்திருக்கிறாயா? அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்த கம்பெனி மிக்ஸி வாங்கலாம் என்று யோசனை சொன்னவர்.

கேளு, இன்னும் இருக்கிறது. இடம் கொடுக்கிற முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். நேர்காணல் எல்லாம் முடிந்தபிறகு நாங்கள் கல்லூரிகளைப் பிடித்த வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் எங்களை வரிசைப்படுத்துவார்கள், இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்து முடித்துவைக்கும். முடித்துவைத்த இடத்தில் போய்க் குடித்தனம் நடத்த வேண்டியதுதான், மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. முதல் வருஷம் என்னைப் பார்க்கக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. இரண்டாம் வருஷம் ஒரே ஒரு கல்லூரி கூப்பிட்டது. இடம் கிடைக்கவில்லை, ஏன் என்று கேட்டு மெயில் போட்டேன். 'நன்றாகப் பேசுகிறார், நிறையப் பேசுகிறார், கேட்பதில்லை' என்று பதில் வந்தது. கேட்பதில்லையாம்! அம்மாவிடம் படித்துக் காட்டினால் அவள் துணி மடிப்பதிலேயே கண்ணாக இருக்கிறாள்.

இந்த வருஷம் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு. முதலாவது போன செவ்வாய்க்கிழமை. அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

காத்திருக்கிற அறையில் எல்லாரும் என்னைவிடச் சின்னப் பெண்கள். ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, ஒரே மாதிரி சிரிப்பு. ஒருத்தி காபி மெஷினிடம்கூடத் தலையை ஆட்டி ஆட்டிப் பரிவாக நின்றாள். அங்கே படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, 'சும்மா பேசத்தான் வந்தோம், இதுக்கு மார்க் எல்லாம் இல்ல' என்றார்கள். மார்க் இல்லை என்று சொன்னதும் எல்லாருடைய முதுகும் நிமிர்ந்துவிட்டது. பிறகு அறை அறையாகக் கூப்பிட்டார்கள். ஓர் அறையில் உன் குறை என்ன என்றார்கள், நிறையப் பேசுவேன் என்றேன், எப்படி என்றார்கள், சொல்ல ஆரம்பித்தேன், நேரம் முடிந்துவிட்டது.

கடைசி அறையில்தான் வினை. ஒரு நடிகரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் நோயாளி, நான் ஆலோசகர், இரண்டு பேராசிரியர்கள் சுவரோரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதுவார்கள். வாசலில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் இப்படி இருந்தது. இவருக்கு இருபத்தெட்டு வயது, அப்பா குடல் புற்றுநோயில் இறந்தார், குடும்பத்தில் மரபணுக் கோளாறு உண்டு, இவர் டெஸ்ட் வேண்டாம் என்கிறார். எவனோ நம் வீட்டுக்குள் புகுந்து எழுதின மாதிரி இருந்தது. உன்னைப் பிடித்துக்கொண்டு வந்து உள்ளே உட்காரவைத்திருக்கிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. வணக்கம் சொன்னேன், அப்பாவைப் பற்றிக் கேட்டேன், இடையில் புகாமல் தலையை ஆட்டினேன். அந்த ஆள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டு, 'வந்தா வரட்டும் மேடம், எல்லாரும் ஒரு நாள் போறவங்கதானே' என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். அப்படியே நீ! எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோய்விட்டது. 'முதல்ல அந்த போனைக் கீழ வைங்க' என்று கத்திவிட்டேன். நடிகர் அரண்டுபோய் போனைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. 'அப்பா எப்படிப் போனாருன்னு கண்ணால பார்த்தீங்கதானே? ஒரு ரத்த டெஸ்ட், ஊசி குத்தற நேரம். நாளைக்கே நேரம் வாங்கித் தரேன், நானே கூட்டிட்டுப் போறேன்' என்று பொரிந்து தள்ளினேன். சுவரோரமாகப் பேனா இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

முடிந்ததும் அந்த அம்மாள், பாதிக் கண்ணாடி போட்ட பேராசிரியர், சாந்தமாகத்தான் கேட்டார். இவர் ஏன் டெஸ்ட் வேண்டாம் என்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்ததா என்றார். 'பயம்தான் மேடம், வேறென்ன' என்றேன். 'அவர்கிட்ட கேட்டீங்களா?' என்றார். கேட்கவில்லை. ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. 'எங்க குடும்பத்துலயே இது இருக்கு மேடம், எனக்குத் தெரியாதா? எங்க வீட்ல எல்லாருக்கும் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருக்கேன்' என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டு வந்தேன். இதை நினைத்தால் இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கைப்பையை வீசினேன். போச்சு, மூன்றாவது வருஷமும் போச்சு என்று கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, 'பாவம்டி அந்தப் பையன்' என்றாள். என்னைப் பாவம் என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறி, 'சரி, நீயே அந்தப் பையனா உட்காரு, நான் திரும்பச் செய்யறேன், அப்பவாவது உனக்கு என் கஷ்டம் புரியும்' என்றேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நேராக உட்கார்ந்தாள். இந்தத் தடவை அந்தப் பேராசிரியர் சொன்னதைத்தான் முதலில் கேட்டேன், வேண்டுமென்றே, பல்லைக் கடித்துக்கொண்டு. 'சார், நீங்க ஏன் டெஸ்ட் வேண்டாம்ங்கறீங்க?' என்றேன்.

அம்மா யோசிக்கக்கூட இல்லை. 'அதான் தெரியுமே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?' என்றாள். என்ன தெரியும் என்றேன். 'எங்க அக்காவுக்கு இல்லைன்னு வந்துடுச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தானே? அப்போ மிச்சம் நான்தான்' என்றாள். அம்மா நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அவள் நடிக்கவில்லை.

இது யார் சொன்னது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பட்டாணியைப் பார்த்துக்கொண்டே, 'நான்தான் அவன்கிட்ட சொன்னேன். பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதின்னு உங்கப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னாரே. எனக்கு இருக்கறது ரெண்டு பிள்ளை. ரெண்டுல பாதின்னா ஒண்ணு. உனக்கு இல்லைன்னு வந்த அன்னிக்கே கணக்கு முடிஞ்சு போச்சு' என்றாள். நீ அதற்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். 'பரவால்லம்மா, அக்கா தப்பிச்சாளே, விடு'ன்னு சொன்னான் என்றாள்.

மொட்டை, நாலு வருஷம்! நாலு வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் இதை மென்று விழுங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் இழவு கொண்டாடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். என் ரிசல்ட் வந்த அன்றைக்கு கேக் வாங்கி வந்தேனே, நீ இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு என் தலையில் தட்டினாயே. அம்மா சமையலறையில் நின்று அழுததை நான் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தேன். அடுத்த மாதமே நீ அவ்வளவு தூரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய், சம்பளம் அதிகம் என்றாய். கட்டிக்கொள்வதாக இருந்த நூலகத்துப் பெண்ணிடம் ஒரு காரணமும் சொல்லாமல் 'மறந்துடு' என்றாய். நான் உன்னைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டினேன், அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டாய். இன்றைக்கும் நான் புத்தகம் மாற்றப் போனால் அந்தப் பெண் உன்னைத் தவிர மற்ற எல்லாரையும் பற்றி விசாரிக்கிறாள். வீட்டில் ஒருத்தி மரபணு ஆலோசனை படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை 'இது சரியாக்கா' என்று கேட்டிருக்கக்கூடாதா? கல்லுளிமங்கா!

இப்போது ஒழுங்காகக் கேள். அம்மா போட்ட கணக்கு தப்பு. முழுத் தப்பு. பாதிக்குப் பாதி என்பது இரண்டு பிள்ளைக்குப் பங்கு பிரிக்கிற சொத்து இல்லை. ஒவ்வொரு பிள்ளை உருவாகும்போதும் தனித்தனியாகச் சுண்டுகிற காசு. எனக்குச் சுண்டினதற்கும் உனக்குச் சுண்டினதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு இல்லாமல் போனதால் உன் தலையில் ஒரு குன்றிமணி அளவுகூடக் கூடுதலாக ஏறவில்லை. நம் இரண்டு பேருக்குமே இருந்திருக்கலாம். இரண்டு பேருக்குமே இல்லாமலும் இருக்கலாம்.

அம்மாவிடம் காசைச் சுண்டியே காட்டினேன். 'காசு வேற, பிள்ளை வேற' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். கரடியாகக் கத்திப் பார்த்தேன், நகரவில்லை. கடைசியில் கீழ்வீட்டு டெய்லரைத்தான் உதாரணத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. அவருக்கு நாலும் பெண். ஆணா பெண்ணா என்பதும் பாதிக்குப் பாதிதானே, கணக்குப்படி இரண்டு பையன் எங்கே என்று கேட்டேன். மூன்றாவது பெண் பிறந்தபோது அடுத்தது பையன்தான் என்று அம்மாவே அடித்துச் சொல்லி, நாலாவது பிறக்கும் முன்பே நீலச் சட்டை பின்னிக் கொடுத்தவள். அம்மாவின் கை நின்றது. 'அப்ப அவனுக்கு இருக்கும்னு யாருக்கும் தெரியாதா?' என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். 'அப்ப நான் ஏன்டி என் புள்ளைய உயிரோட வெச்சு அழுதேன்' என்று ஒரு சத்தம் போட்டாள் பார், பட்டாணி முழுக்கத் தரையில். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உன்னிடம் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அவளை நீ திட்டாதே. அதற்கு நான் இருக்கிறேன், தேவையான அளவு திட்டிவிட்டேன்.

உனக்கு இல்லை என்று நான் எழுதவில்லை, அதையும் கவனமாகப் படி. இருக்கலாம். ஆனால் இருந்தால்கூட அப்பாவுக்கு நடந்தது உனக்கு நடக்க வேண்டும் என்று இல்லை. அப்பாவுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, வலி வந்த பிறகுதான் போனார். உனக்கு இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்கள், முளைக்கிறதை முளையிலேயே கிள்ளி எடுத்துவிடுவார்கள். அசிங்கமான வேலைதான், முந்தின நாள் பேதி மருந்து குடித்துவிட்டுக் கழிவறையிலேயே குடியிருக்க வேண்டும். ஆனால் அந்த மாதிரிப் பார்த்துக்கொண்டு பேரன் பேத்தி எடுத்தவர்களின் ரத்தம் எங்கள் லேபுக்கு வாராவாரம் வருகிறது, என் கையால் லேபிள் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் இரண்டாவது கல்லூரியில் நேர்காணல். அங்கேயும் ஒரு நடிகரை உட்காரவைப்பார்கள். இந்தத் தடவை ஏன் என்று கேட்பேன், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன், அவர் டெஸ்ட் வேண்டாம் என்றால் சரி, உங்கள் முடிவு என்பேன். எனக்கு இப்போது அது வரும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த நாளில் உனக்கு அங்கே ரத்தம் கொடுக்க நேரம் கிடைத்தால் ஒரு வார்த்தை சொல்லு, நேர்காணலை விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே, மூன்று வருஷம் பார்த்தவளுக்கு நாலாவது வருஷம் ஒன்றும் பெரிதில்லை. ரிசல்ட் வருகிற அன்றைக்கும் பக்கத்தில் நான் இருப்பேன், தனியாக உட்கார்ந்து அந்தக் கவரைப் பிரிக்காதே.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சொந்தக் குடும்பத்துக்கு ஆலோசகராக உட்காரக்கூடாது. நல்ல விதி. யாரோ ஒரு நடிகரிடம் உங்கள் முடிவு என்று சொல்லிவிட்டு என்னால் எழுந்து வர முடியும். உன்னிடம் முடியாது, முடியவும் வேண்டாம். போய் டெஸ்ட் எடுடா. கெஞ்சிக் கேட்கிறேன், எடு. எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசகர் ஒருநாளும் சொல்லக்கூடாது, எனக்கு மார்க் போடுகிறவர்கள் யாரும் இங்கே இல்லை, நான் உன் அக்காவாகச் சொல்கிறேன். நீ நல்லா இருப்படா. ரொம்ப நாள் இருப்ப.

உன் அக்கா